காணா ஓலைக்கு மறுமொழி

திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் எங்கள் காஞ்சிமாநகரினர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தின் முதற்குறளுக்கு அவர் வரைந்த உரையை யாம் பாடங்கேட்டபொழுது, அஃது இக்கால அரசாங்கத்தைப் பற்றியதோ என்று ஐயுற்றோம். அமைச்சனாகக் கொள்ளப்படுவானிடத்து அரசன் புரோகிதரையும் சேனாபதியையும் தவமுதுமகளையும் பிறரையும் ஏவி, அறம் பொருள் இன்பம் உயிரச்சம் என்னும் நான்கினாலும் அவன் மனத்தை ஆழம் பார்ப்பான். இவை உபதை எனப்படும். சோதிக்கப்படுவானோ தான் சோதிக்கப்படுதலை அறியான்.

இந்நாளைய உபதை ஓர் அச்சிட்ட படிவம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் இருப்பானொருவனுடைய மகன் கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்திலோ போலீசிலோ உத்தியோகம் பெறுவானாயின், தன் ஊரும், பயின்ற பள்ளியும், தன்மேல் வழக்கேதும் உண்டாயிற்றா என்பதும் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். போலீசார் விசாரித்து மேலிடத்திற்கு அறிக்கை விடுப்பர். அவ்வறிக்கை தீதாயின், ஒரு குடும்பம் பல்லாண்டு சேலை நெய்து படிக்கவைத்த படிப்பு வீணாயிற்று. எம் வகுப்பினருள்ளும் பலர் இப்படிவத்தை எழுதவேண்டியவரே.

வக்கீலின் தொழில் ஆங்கே தொடங்குகின்றது. அமெரிக்க நாட்டில் இஃதொன்றனையே தொழிலாகக் கொண்ட வக்கீல்கள் உளர். நம் நாட்டில் உத்தியோக வழக்கு நடத்துவோரே இதனையும் நடத்துகின்றனர்.

மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவர் 1972-ல் அரசாங்கப் பணியிற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் முன்னர் அரசியல் இயக்கங்களில் ஈடுபட்டவர் என்று போலீசார் எழுதவே, 1974-ல் நீக்கப்பட்டார். 1983-ல் உச்சநீதிமன்றத்து நீதிபதி சின்னப்ப ரெட்டி முதலானோர் அரசாங்கத்தின் முறையீட்டைத் தள்ளினர். தெளிந்தவன்பாற் பின்னர் ஐயங்கொள்ளுதலும் கேடென்று வள்ளுவர் அவ்வதிகாரத்து இறுதியிற் கூறியது எமக்கு நினைவு வந்தது.

மற்றொன்று தில்லிப் போலீசில் வேலைக்கு விண்ணப்பித்த இளைஞனுடையது. தன்மேலிருந்த அடிதடி வழக்கு சமாதானமாய் முடிந்து விடுதலை பெற்றிருந்தும், விண்ணப்பத்தில் அதனை அவன் குறிக்கவில்லை. 2011-ல் உச்சநீதிமன்றம் அவனைப் பொறுத்தருளியது. அத்தீர்ப்பில், ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீனை நீதிபதி எடுத்துக்காட்டினார். சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ படித்தோர் அவனை அறிவர். மறைத்தலை யாம் நன்றென்னோம். ஆயினும் இருபது வயதின் பிழை அறுபது வயதுவரை தொடர்தல் முறையோ? 2016-ல் மூவர் அடங்கிய அமர்வும், மறைத்ததன் தன்மையையும் பதவியின் தன்மையையும் சீர்தூக்கியே முடிவுசெய்தல் வேண்டும் என்றது.

இவ்வழக்குகளில் வக்கீலுக்குக் குற்றச்சாட்டேனும் தெரிந்திருந்தது. அதுவும் தெரியாதபோது அவர் யாது செய்வார்? 1954-ல் அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமருக்காக வாதித்தவர் லாயிட் காரிசன். இரகசிய ஏடுகளைக் காணும் அனுமதி அவருக்கில்லாமையால், அவை படிக்கப்படும்போது அவர் அறையைவிட்டு வெளியேறல் வேண்டியதாயிற்று. எதிர்ப்பக்கத்து வக்கீலுக்கோ அவ்வனுமதி இருந்தது. ஓப்பன்ஹைமர் உரிமையிழந்தார், 1967-ல் இறந்தார், அம்முடிவு தவறான முறையில் எய்தப்பட்டதென்று அமெரிக்க அரசாங்கம் அதனை நீக்கியது 2022-ல்.

எங்களூரில் நெய்தவன் சேலையை ஒப்புவிக்கும்போது, குறை கூறுவோர் குறையுள்ள இடத்தை விரித்துக் காட்டியே கூலியைக் குறைத்தல் வேண்டும். (எப்பொழுதும் அவ்வாறு நடப்பதில்லை என்பர் நெய்வோர், அது வேறு கதை.)

நம் நாட்டில் மலையாளத் தொலைக்காட்சி நிலையமொன்றிற்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டு, காரணம் முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் காட்டப்பட்டது. 2023 ஏப்ரல் 5-ல் உச்சநீதிமன்றம் அம்மறுப்பை நீக்கி, தேசப்பாதுகாப்பு என்னும் சொல்லை மட்டும் கூறி நியாயத்தை விலக்கலாகாது என்றது. வழக்கு அத்துடன் தீர்ந்துவிட்டதென்று எண்ணுவார் பொறுத்துப் பார்க்க. 2025 மே மாதத்தில், விமான நிலையங்களிற் பணிபுரிந்த துருக்கித் தொடர்புள்ள கம்பெனியொன்றின் அனுமதி விலக்கப்பட்டது. அரசாங்கம் உறையைத் தில்லி உயர்நீதிமன்றத்தில் அளித்தது. நீதிபதி அதனைப் பிரித்துப் படித்து ஜூலையில் கம்பெனியின் மனுவைத் தள்ளினார். கம்பெனியின் வக்கீல்கள் உறையினுள் இருந்ததைக் காணாமலே வாதித்து முடித்தனர்.