பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ரிவர்ஸ்

"வண்டி பெரிசா இருந்தா பயம் சின்னதாயிடும்டா" என்று சொல்லித்தான் நண்பன் எங்களைக் கிளப்பினான். அவன் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். டெல்லியில் அவன் மச்சானிடம் ஏழு பேர் உட்காரும் எஸ்.யூ.வி. ஒன்று இருந்தது. நீளம் 4.8 மீட்டர், அகலம் 1.85 மீட்டர். எங்கள் மாம்பலம் போர்ஷனின் சமையலறையோடு ஒப்பிட்டுச் சொல்லலாம்தான். வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகை படிப்பவர், வேண்டாம்!

2022 ஜூன் கடைசி. நாங்கள் நாலு பேர். மணாலியிலிருந்து ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் காஸாவுக்குப் போகவேண்டும். சுமார் 200 கிலோமீட்டர். 'லஞ்சுக்குப் போயிடலாம்' என்று கணக்குப் போட்டவனும் அந்த அக்கவுண்ட்ஸ்காரன்தான்.

பெரிய வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. இடம் இருக்கிறதே என்று சாமான் தானாக வந்து ஏறிக்கொள்ளும். ஆளுக்கு இரண்டு பெட்டி, குக்கர், மடக்கு நாற்காலி நாலு, இட்லி மிளகாய்ப் பொடி இரண்டு கிலோ. (யாருக்கு ஸார் இட்லி கிடைக்கப் போகிறது அங்கே?)

2020-ல் திறந்த அடல் சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர். வழுக்கிக்கொண்டு போனோம். கிராம்ஃபூவில் ஸ்பிட்டி பக்கம் திரும்பியதும் தார் ரோடு முடிந்தது. அப்புறம் கூழாங்கல், பாறை, ரோட்டின் குறுக்கே ஓடும் பனித்தண்ணீர். இந்த ஓடைகள் காலையில் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மத்தியானம் முழங்காலைத் தொடும். நாங்கள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம்.

சத்ரூ தாண்டியதும் நண்பனுக்குத் தலைவலி. அப்புறம் வாந்தி. முகம் வெளிறிவிட்டது. மணாலி 2,000 மீட்டர் சொச்சம். ஒரே நாளில் விறுவிறுவென்று ஏறிவிட்டோம். மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அது எங்களுக்கும் தெரியும்.

இறங்குவதென்றால் முதலில் வண்டியைத் திருப்பியாக வேண்டுமே?

ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் கிடுகிடு பள்ளத்தில் சந்திரா நதி. 4.8 மீட்டர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் மூக்கு பாறையில் இடிக்கும், வால் ஆற்றுக்கு மேல் தொங்கும். கீழே போகவேண்டிய நோயாளியை வைத்துக்கொண்டு, திரும்ப இடம் தேடி இன்னும் மேலே ஏறினோம்! அப்போது பார்த்து எதிரே காஸாவிலிருந்து வரும் அரசு பஸ்.

"அந்த பஸ் நம்மளவிட அகலம்டா, அது மட்டும் எப்படி வருது?" என்றான் பின் ஸீட்காரன். நியாயமான கேள்வி. பதிலைப் பிறகு கண்டுபிடித்தேன். பஸ் பின்னால் போவதில்லை. மற்ற எல்லோரும் போகிறார்கள்.

ரிவர்ஸ். நூற்றைம்பது மீட்டர் இருக்கும். ஒருவன் இறங்கிப் பின்னால் நின்று "வா வா... நிறுத்து!" என்று கத்த, பின் கண்ணாடியை அடைத்துக்கொண்டு குக்கரும் நாற்காலியும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒதுங்க இடம் கிடைத்து, பஸ் போய், அதே இடத்தில் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஆட்டி வண்டியைத் திருப்பினோம். நண்பன் ஜன்னலில் தலையைச் சாய்த்து, பேசுவதையே நிறுத்தியிருந்தான். அந்த மௌனம்தான் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. மணாலி இறங்கிய பிறகு டீ கேட்டான். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

2024 ஜூனில் மறுபடி போனோம். இந்த முறை அவனும் நானும் மட்டும். மணாலியில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்கினோம். வண்டி, ஒரு பழைய ஜிப்ஸி. 1985-ல் அறிமுகமானது, இன்று செகண்ட் ஹாண்டில்தான் கிடைக்கும். அகலம் 1.54 மீட்டர். பெரிய வண்டியைவிட ஒரு அடி குறைவு. ஒரு அடிதானே என்பீர்கள். அந்த ரோட்டில் ஒரு அடி என்பது ஒரு ஆயுசு.

டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் பெட்டிகளைப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு பை. மத்ததெல்லாம் ஹோட்டல்ல வெச்சுட்டு வாங்க பேட்டா" என்றார். என் அரைகுறை ஹிந்தியில், எந்த வண்டி நல்லது என்று கேட்டேன். "முன்னாடி போறதுக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பின்னாடி வரணுமே, அதுக்குப் பார்த்து வாங்கு."

அதே வளைவுப் பக்கம், அதே மாதிரி ஒரு பஸ். உஸ்தாத் பீடியை வாயிலிருந்து எடுக்காமல் நாற்பது மீட்டர் பின்னால் போய்ப் பாறையோடு ஒட்டிக்கொண்டார். ஒரு நிமிஷம். பஸ் டிரைவர் கை ஆட்டிவிட்டுப் போனார்.

முழுக்க ஜிப்ஸி புராணம் பாடமாட்டேன். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தனித்தனியாகக் கையெழுத்துப் போடும். கான்வாஸ் வழியே குளிர் வரும். ஆள் படுத்துவிட்டால் கால் நீட்ட இடம் கிடையாது. நாலு பேரென்றால் நான் ஒரு பெரிய வண்டிக்குப் பதில் இரண்டு சின்ன வண்டி எடுப்பேன். ஒன்று மாட்டினால் இன்னொன்று இழுக்கும்.

குன்ஸும் கணவாய் சுமார் 4,550 மீட்டர். கொடிகள் படபடக்க, நண்பன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வலிக்கவில்லையாம். காஸா போய்ச் சேர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் சொன்னான்:

"மச்சானோட வண்டி வேண்டாம்டா. அந்த ஸீட்டை மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்திருக்கலாம்."