தூண்டிலும் படிக்கட்டும்

மாத்தளையில் மிளகு பறிக்கும் காலம் வந்தால் என் வகுப்பில் சில இருக்கைகள் வெறுமையாகிவிடும். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கூலிக்குப் போன மாணவனொருவன் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டான். இன்று அவன் சக்கர நாற்காலியில் நடமாடும் இளைஞன்.

சென்ற விடுமுறையில், "எங்காவது போய்வருவோமா?" என்று அவனிடம் கேட்டேன். கோயிலையோ நூலகத்தையோ சொல்வான் என எதிர்பார்த்தேன்.

"தூண்டில் போட வேண்டும், சேர்" என்றான்.

இம்மாவட்டத்தில் நீருக்குக் குறைவில்லை. கண்டலம, போவத்தென்ன, மொரகஹகந்த என்று நீர்நிலைகள் விரிந்து கிடக்கின்றன. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா, கடல் காணாத ஏழைகளின் சோற்றுக்கும் கறியாயிற்று. தம்புள்ளைப் பக்கத்துக் குளமொன்றுக்கு அவனை அழைத்துச் சென்றேன். குளக்கட்டிலிருந்து நீருக்குச் செங்குத்தான படிகள்; அவற்றின் கீழே அலை அரிக்காதிருக்கப் பதித்த கருங்கற்கள்.

"தூக்கிக்கொண்டு போகிறேன்" என்றேன்.

"வேண்டாம், சேர். நீங்கள் தூக்கிக்கொண்டு போனால், நீங்கள் புறப்படும்போதுதான் நானும் புறப்படலாம். மீன் கொத்தும் நேரம் யாருக்குத் தெரியும்?"

என் இரக்கம் அவ்விடத்தில் நாணி நின்றது. அவன் கேட்டது என் தோளையன்று. தன் விருப்பப்படி வரவும் போகவும் ஒரு பாதையை.

அப்பாதை ஆகாயத் தாமரையா? ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் என்பது உலகம் பொதுவாக ஏற்ற கணக்கு. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி, மீன்பிடி மேடையின் கைப்பிடி வேலியிற் கால்பங்கேனும் 34 அங்குலத்திற்கு மேற்படலாகாது. அமர்ந்திருப்பவரும் அதன் மேலாகத் தூண்டில் வீச வேண்டுமல்லவா? வேலி உள்ள இடத்தில் சக்கரம் நழுவாதிருக்க, விளிம்பில் இரண்டங்குல வரம்பு போதும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் வந்தது. 2006இல் பொது இடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதன் 30ஆம் உறுப்புரை ஓய்வையும் பொழுதுபோக்கையும் உரிமையென்றே சொல்கிறது.

போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காக நாலந்தா கெடிகேயைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மீண்டும் எழுப்பிய கைகள் நம்மவர்களுடையவை. பழங்கோயில் ஒன்றை நீரிலிருந்து காத்த நமக்கு, உயிருள்ள மனிதனொருவனை நீரருகே சேர்க்க ஒரு சாய்தளம் கட்டுவது பெரும் பாடா?

விடுமுறை முடிந்து பாடசாலைக்குள் நுழைந்தபோது வாசலில் என் கால் தயங்கிற்று. மூன்று படிகள். விபத்தின் பின் அவன் ஏன் படிக்க வரவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. குடும்பத்தின் வறுமை என்றே எண்ணியிருந்தேன்.

ஆசிரிய நண்பர்களே, குளக்கட்டுக்காகக் குரல் கொடுப்போம். அதற்குமுன் அளவுகோலை எடுத்து நம் வாசலை அளப்போம்.