தாத்தாவின் 555 புத்தகம்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் அப்பா நேற்றுக் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்துக்கான யூ.பி.யூ. மனுவில் முதல் இடத்தில் ஆக்சுவரியல் சயின்ஸைத்தான் போட வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்களாம், நீ மட்டும் வாயே திறக்கவில்லையாம். புள்ளியியல் படித்து, இருபது வருஷமாகக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் அத்தை சொன்னால் கேட்பாய் என்று அவருக்கு நம்பிக்கை. ஆனால் அவர் நினைப்பதை நான் எழுதப் போவதில்லை.

அந்தப் படிப்பைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அது எதற்கு என்று எனக்குப் புரியவைத்ததே உன் தாத்தாவின் 555 புத்தகம்தான். தோட்டத்து மரண சகாய நிதிக்கு அவர் அதில்தான் கணக்கு எழுதினார். எண்பது வீடு, வீட்டுக்கு மாதம் 2 வெள்ளி, வருஷத்துக்கு 1,920. சாவு விழுந்த வீட்டுக்கு 500. வருஷத்தில் மூன்று சாவு என்றால் கையில் கொஞ்சம் மிஞ்சும். பிறகு பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறினார்கள். வீடு ஐம்பதாகக் குறைந்தது, வரவு 1,200 ஆனது. தங்கியவர்களோ வயதானவர்கள்; சாவு நான்காகிச் செலவு 2,000. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அந்தப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வயதைக் குறித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் விளங்கிவிட்டது. நிதி வற்றிவிடும் என்பதைப் பத்து வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். கடைசி இரண்டு சாவுக்கும் தாத்தா தன் இ.பி.எஃப். சேமிப்புக் காசை எடுத்துக் கொடுத்தார்.

எட்மண்ட் ஹேலி, அதுதான் வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர், பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று 1693இல் அட்டவணை போட்டார். தாத்தாவுக்கு அப்படி ஓர் அட்டவணை கிடைத்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

ஆனால் உன்னை எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது, இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதால் வகுபட்டால் அந்த எண்ணும் ஏன் வகுபடுகிறது என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. மாவு ஒட்டிய கையோடு மளிகைச் சீட்டின் பின்னால் 4,572 என்று எழுதினாய். ஆயிரத்தில் 999ஐ எடு, நூறில் 99ஐ எடு, பத்தில் 9ஐ எடு என்று முணுமுணுத்துக்கொண்டே மிச்சத்தைக் கூட்டினாய்: 4, 5, 7, 2. எண்ணெய் காய்ந்து புகைந்தது. “எந்த எண்ணுக்கும் இது வரும் அத்தே!” என்று கத்தினாயே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பல்கலைக்கழகக் கணிதத்தில் அந்த ‘ஏன்’தான் உயிர். ஆட் மேத்ஸில் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகள்கூடப் பகுப்பாய்வு வகுப்பில் திகைத்துப் போவார்கள். பக்கம் பக்கமாக நிரூபணம்தான், போட்டு முடிக்கும் கணக்கு அங்கே குறைவு. எவ்வளவு சின்ன எப்சிலான் கொடுத்தாலும் அதற்கேற்ற டெல்டாவைக் காட்டு என்பார்கள். எனக்கு அது பிடிபட ஒரு செமஸ்டர் ஆனது. நீ அங்கே சந்தோஷமாக இருப்பாய்.

சம்பளம் பற்றி அப்பா கேட்டால் இதைச் சொல். பட்டத்தின் பெயரை வைத்து யாரும் ஆக்சுவரி ஆவதில்லை. தொழில்முறைத் தேர்வுகளில் தேற வேண்டும். அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ் நடத்தும் ‘பி’ தேர்வு முழுக்க நிகழ்தகவு: மூன்று மணி நேரம், 30 கேள்வி. கணிதம் படிப்பவரும் எழுதலாம், புள்ளியியல் படிப்பவரும் எழுதலாம். ஆக்சுவரி பட்டம் எடுத்தால் சில இடங்களில் சில தாள்களுக்கு விலக்கு உண்டு. அது நல்ல வசதிதான். ஆனாலும் இருபது வயதில் கணிதத்தை விட்டவர் முப்பதில் திரும்பி வந்து குலக் கோட்பாடு படித்து நான் பார்த்ததில்லை. அதனால் கணிதம் முதலில், புள்ளியியல் இரண்டாவது, ஆக்சுவரி மூன்றாவது. முடிவு உன் கையில். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை வா. கிள்ளானில் கொமுட்டர் ஏறி, அப்துல்லா ஹூக்குமில் எல்.ஆர்.டி.க்கு மாறு. கெரிஞ்சிக்கு அடுத்தது யூனிவர்சிட்டி. நிலைய வாசலில் நிற்பேன். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இங்கே வந்து வாழை இலைச் சாப்பாடு சாப்பிடலாம். 555 புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். தாத்தாவின் பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது, அதற்குள் நீ ஒரு தரம் பார்த்துவிடு.

அன்புடன்,
அத்தை