நெல் அவிக்கிற அடுப்புக்கு 6 அங்குலக் குழாய்

பிசான அறுவடை முடிஞ்சு நெல் வீட்டுக்கு வந்தாச்சு. அம்பை 16, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த குண்டு ரகம். எங்க சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் இன்னமும் புறவாசல்ல அண்டா வச்சுத்தான் அவிக்கோம். இந்த வருசம் வீட்டம்மா சொல்லிட்டா: "பொகைல மூச்சு முட்டுது. பேசாம மில்லுல போட்டுருங்க." போன தடவை அவிச்ச பெறகு பத்து நாள் இருமினவ.

அடுப்புக்குப் புகைக்குழாய் வைக்க ஏற்பாடு பண்ணினேன். கொத்தனார் கேட்டார்: "அண்ணாச்சி, 3 அங்குலக் குழாய் ரெண்டு கெடக்கு. சேத்துப் போட்டா 6 அங்குலம்தான?" கணக்கு அப்படி வராது. வாய்க்கால் மடை மாதிரிதான், வாயோட பரப்பைப் பாக்கணும். 6 அங்குல வட்டத்துக்கு ஈடா 3 அங்குல வட்டம் நாலு வேணும்.

6 அங்குலத்துல தகரக் குழாய் வாங்கினோம். பி.வி.சி. உருகிரும். அடுப்புக்குப் பின்னால துளை போட்டு, எங்கயும் படுக்க விடாம மேல்நோக்கியே கொண்டுபோனோம். படுத்த குழாயில புகை தயங்கும், கரி அடையும். ஒரே மடக்கா மடக்காம ரெண்டு சாய்வா வளைச்சோம். சந்துல கரம்பை மண்ணும் உமியும் குழைச்சுப் பூசினோம். குழாய் கடுமையா சுடும். அதனால சுத்தியிருந்த ஓலையை நல்லாப் பிரிச்சுட்டுத் தகரம் போட்டோம். கூரைக்கு மேல 3 அடி நீட்டி, மழைக்கு ஒரு தொப்பி. அடியில கரி அள்ள ஒரு மூடி.

உங்க சமையலறையில ஃபேன் செய்ற வேலைதான். இங்க கரண்ட் வேண்டாம், சூடே புகையை இழுத்துட்டுப் போகுது.

மூணு அண்டா அவிச்சாச்சு. அவ இன்னும் மில்லுப் பேச்சை எடுக்கல.