மாமூல் வழிநடை

தை 14

இன்று கிரயப் பத்திரம் பதிவாயிற்று. காளையார்கோவிலுக்குக் கிழக்கே, ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே, மூன்று ஏக்கர் நஞ்சையும் ஆறு ஏக்கர் நாற்பது சென்ட் செம்மண் புஞ்சையும் ஆறு குடும்பங்களின் பெயரால், பிரிபடாத பாகமாக, எங்களுக்குச் சொந்தமாகிவிட்டன. கூட்டுறவுச் சங்கமொன்றில் முப்பத்தோராண்டு கணக்கெழுதி ஓய்வு பெற்ற எனக்கு, மின்கம்பியின் தயவும் கடைத்தெருவின் தயவும் இல்லாமல் எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டுமென்ற ஆசை எப்போது பற்றிக்கொண்டதென்று தெரியவில்லை. ஆனால் அதே ஆசை பிடித்த இன்னும் ஐந்து குடும்பங்கள் கிடைத்தது தெய்வாதீனம்தான்.

பத்திர எழுத்தர் படித்துக் காட்டியபோது, "மாவடை, மரவடை, கிணறு, மாமூல் வண்டிப்பாதை வழிநடை பாத்தியங்கள் சகிதம்" என்ற இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. அர்த்தம் கேட்டேன். "எல்லாப் பத்திரத்துலயும் போடுறதுதான் சார்" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சொன்னதுதான் விஷயம்: பிரிபடாத பாகத்தை யார் வேண்டுமானாலும், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், வாங்கியவன் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகலாம், 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அதற்கு இடங்கொடுக்கிறது. சேருவதற்கு ஆறு மாதம் பேசிய நாங்கள் விலகுவதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

மாசி 3

விலகல் உடன்படிக்கை எழுதி முடிந்தது. போகிறவர் தம் பாகத்தை முதலில் மற்றவர்களுக்கே தரவேண்டும். அரசு வழிகாட்டி மதிப்பே விலை. மூன்று வருஷத் தவணை. 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கமும் பதிவு செய்கிறோம். அதற்கு ஏழு பேர் வேண்டும், குடும்பமோ ஆறு. ஏழாவது கையெழுத்தை எண்பது வயதைத் தாண்டிய என் மாமியார் போட்டார். எங்கள் சங்கத்தில் இன்றுவரை எதற்கும் ஆட்சேபம் சொல்லாத உறுப்பினர் அவர் ஒருவர்தான்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிட்டேன். இரண்டு கிலோவாட் சூரியப் பலகைகள் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 யூனிட் தரும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கு சேர்ந்தால் 7.2 யூனிட் பிடிக்கும்; பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையுமாதலால் இரவுக்கு 3.6 யூனிட்தான் நமது. வீட்டுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்: ஒன்பது வாட் விளக்குகள் ஆறு ஐந்து மணி நேரம், முப்பது வாட் மின்விசிறி ஒன்று பத்து மணி நேரம். அவ்வளவே. கிணற்று மோட்டாருக்குத் தனிப் பலகைகள். அது பகலில் ஓடினால் போதும். கூரை நூறு சதுர மீட்டரானால், பத்து மில்லிமீட்டர் மழைக்கு ஆயிரம் லிட்டர். கழிப்பறைக்குத் தண்ணீரே வேண்டாம். முசிறியில் கட்டிய மாதிரியில் சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின்மேல் சாம்பல் தூவி, ஒரு குழி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவதாக உத்தேசம்.

புதுச்சேரிப் பக்கத்து ஆரோவில்லுக்குச் சென்றாண்டு போய்வந்தோம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 தேசங்களின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய நகரமென்று எல்லோரும் அந்தத் தாழியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கோ, பொட்டலாய்க் கிடந்த செம்மேட்டில் ஆதியில் வந்தவர்கள் மழைநீர் ஓடாதபடி போட்ட வரப்புகளே பெரிதாய்ப் பட்டன. ஆகவே நாங்களும் முதலில் வரப்புப் போடுவதென்று தீர்மானித்தோம். தீர்மானித்தோமே தவிர, முதலில் போட்டது வேலி.

மாசி 21

வேலி முடிந்தது. சுற்றிலும் கல்தூண், ஐந்து வரிசை முள்கம்பி. பொதுநிதியில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. யோசனை என்னுடையதுதான் என்பதைச் சற்றுப் பெருமையுடனேயே பதிந்து வைக்கிறேன். வடகிழக்கு மூலையிலிருந்து கண்மாய்க்கரை வரை நிலத்தின் குறுக்கே தேய்ந்து கிடந்த ஒற்றையடித் தடத்தை உழுதாயிற்று. அவ்விடத்தில் முருங்கை வைக்கலாம்.

பங்குனி 8

காலையில் பக்கத்து ஊர்க் கீதாரி வந்தார். எழுபது வயதிருக்கும், தோளில் தொரட்டி. அவர் பொறுப்பில் பல வீட்டு ஆடுகள் சேர்ந்து முந்நூறுக்குக் குறையாதாம். கண்மாய்த் தண்ணீருக்கு அந்தத் தடத்தில்தான் ஓட்டிப் போவார்களாம்.

"ரோடு வழியாப் போகலாமே பெரியவரே?" என்றேன்.

"ஆடு சுத்திப் போயிரும் சார். குட்டிதான் நடக்காது."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேலியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் பதில் சொல்ல எனக்குச் சௌகரியமாயிருந்திருக்கும்.

எங்களுள் சட்டம் படித்தவர் ஒருவர் உண்டு. இருபதாண்டு தடையின்றி நடந்த வழியில் பாத்தியம் உண்டாகிவிடும், அது 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் என்று அவர் இரவில் விளக்கினார். எனினும் இவர்கள் வழக்காட மாட்டார்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் நாங்கள் எல்லோரும் ஆறுதலடைந்தோம். பத்திரத்தில் என்னைச் சிலிர்க்க வைத்த 'மாமூல்' என்ற சொல் எங்கள் பக்கம் மட்டுமே பேசுவதாக நான் எண்ணியிருந்தேன் போலும்.

சித்திரை 11

வெயில் தாளவில்லை. கிணற்றில் இரண்டு முழத் தண்ணீர். ஒரே சமையற்கட்டு என்ற கொள்கை நாற்பத்தோராவது நாளில் மீன்குழம்பு விஷயமாக முறிந்தது; இப்போது அடுப்பு மூன்று. எவரெவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று நான் வைத்திருந்த வேலைப் பேரேட்டையும் மூடிவிட்டேன். கழிப்பறைக் குழிக்குச் சாம்பல் போடுவதை அரை மணியென்று எழுதுவதா ஒரு மணியென்று எழுதுவதா என்ற விவகாரம், படித்த மனிதர்களுக்குள் வரக்கூடாத வார்த்தைகளில் போய் முடிந்தது.

மனம் சலித்து, டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றி மறுபடி படித்தேன். 1910-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் 1,100 ஏக்கர் நிலத்தை ஹெர்மன் கல்லன்பாக் என்ற கட்டடக் கலைஞர் வாடகை வாங்காமல் காந்தியிடம் ஒப்படைத்தார். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறு, ஒரு சிற்றூற்று. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வடநாட்டார். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள். எல்லோருக்கும் ஒரே சமையல். வேலைக்காரர் கிடையாது. சொந்தக் காரியமாக நகரத்துக்குப் போகிறவர் ரயிலேறக் கூடாது, நடந்தே போய்வர வேண்டும். அதற்காக நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார்களாம். இத்தனை கடுமையை அவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று இதுவரை வியந்திருந்தேன். இன்றுதான் ஒன்று உறைத்தது. தன்னிறைவு அவர்களுக்கு ஒரு லட்சியமே அன்று. சிறைக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களைக் குறைந்த செலவில் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதற்கொரு உபாயம். அக்குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. வேலிக்கு வெளியே யாருக்காகவோ உள்ளே மீனைத் துறந்தார்கள். நாங்கள் யாருக்காகத் துறப்பது?

ஆடி 18

பெருக்கு. பெருகுவதற்குத் தண்ணீர்தான் இல்லை. எலுமிச்சைச் சாதம்.

ஆவணி 26

கண்மாயின் வரத்துக்காலை வெட்டிச் சுத்தம் செய்ய ஆயக்கட்டில் வீட்டுக்கு ஓராள் போனார்களாம். எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மடை திறப்பவரிடம் போய்க் கேட்டேன். "நீங்கதான் எல்லாம் தனியா வச்சிக்கிட்டிருக்கீகளே சார்" என்றார், வெகு மரியாதையாக. குடிமராமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கூட்டுறவுச் சங்கத்து ஆண்டுமலரில் வெளியிட்டவன் நான்.

ஐப்பசி 23

ஐந்து நாளாய் அடைமழை. தொட்டி நிரம்பி வழிகிறது. சூரியன் முகங்காட்டாததால் பேட்டரி நான்கும் வற்றிவிட்டன. மண்ணெண்ணெய் விளக்கைத் தேடினால், ஊருக்குள் யாரிடமும் அது இப்போது இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

தை 10

அறுவடை. கண்மாய் நிறைந்தும், முறைத் தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வந்தது. மூன்று ஏக்கரில் முப்பத்தைந்து மூட்டை. பக்கத்து வயல்காரருக்கு ஏக்கருக்கு இருபத்தைந்து. தண்ணீர் பாதிக் காரணம்; மீதியை அவரே சொன்னார். இந்த வயலில் வருஷந்தோறும் கோடையில் கிடை மறிப்பது வழக்கமாம். சென்ற வருஷந்தான் மறிக்கவில்லையாம். ஆட்டெரு அந்த வருஷத்துக்கு, மாட்டெரு மறுவருஷத்துக்கு என்பார்கள். எங்கள் கம்போஸ்டு எந்த வருஷத்துக்கென்று நான் கேட்கவில்லை.

ஒரு குடும்பம் விலகுகிறது, பையனின் படிப்பு. உடன்படிக்கைப்படியே கணக்குத் தீர்க்கிறோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் எழுதியவற்றுள் எழுதியபடி நடந்தது அந்த ஒரு தாள்தான்.

மாசி 5

கூட்டம். வருஷாந்தரக் கணக்கை நான் வாசித்தேன்: அரிசி, காய்கறி, மின்சாரம், தண்ணீர் என்று தலைப்புத் தலைப்பாக நம் தேவையில் எத்தனை பங்கு நம் நிலத்திலிருந்தே வந்தது என்று. முடித்ததும் என் மனையாள், "பால் எங்கே?" என்றாள். 'இதரம்' என்ற தலைப்பில் இருந்தது. முதல் நாள் தொட்டு இன்றுவரை எங்கள் ஆறு வீட்டுக்கும் பால் பக்கத்து ஊரிலிருந்துதான் வருகிறது. கொண்டுவருவது கீதாரியின் மருமகள். வேலியைச் சுற்றிக்கொண்டு ரோடு வழியே அரைமைல் கூடுதலாய் நடந்து வருகிறாள். இது எனக்குத் தெரியாது. என் மனையாளுக்குத் தெரியும், என் மாமியாருக்கும் தெரியும். பெண்கள் தினமும் பேசிக்கொண்டிருந்ததை நான் வருஷம் முழுதும் இதரத்தில் எழுதிவந்திருக்கிறேன்.

வடகிழக்கு மூலையிலும் கண்மாய்ப் பக்கமும் கம்பியை அறுத்துப் படல் வைப்பதென்று முடிவாயிற்று. சட்டம் படித்தவர் மட்டும், வழியை நாமே ஒப்புக்கொண்டால் பிற்காலத்தில் மறுக்க முடியாதென்று எச்சரித்தார். எழுதிக்கொள்ளும்படி சொன்னார். எழுதிக்கொண்டேன்.

பங்குனி 2

கீதாரியின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். தடத்தைத் திறந்துவிட்டோமென்று சொன்னேன். "முருங்கை வச்சிருந்தீகளே?" என்றார். பட்டுப்போய்விட்டதென்றேன்; உண்மையில் பதினொன்றில் நாலு பிழைத்திருந்தது, அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டாயிற்று. கிடையைப் பற்றி நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

வைகாசி 27

மாலை ஆறு மணிக்குப் புழுதி எழுந்தது. முன்னே கீதாரி, பின்னே அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர், நடுவே ஆடுகள். நான் எண்ண முயன்று நூற்று நாற்பதில் தவறவிட்டேன். படலைத் திறந்து நின்றேன். வலையைச் சுற்றி முளையடித்துப் பட்டி போட அவர்களுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஓரிரவுக்கு ஏழெட்டு சென்ட் நிலம் படியுமாம்; மறுநாள் அடுத்த துண்டு. இந்தக் கணக்கில் ஏக்கருக்குப் பதின்மூன்று, பதினான்கு இரவு. நஞ்சை மூன்று ஏக்கருக்கும் நிற்க முடியாது, ஒன்றரைக்கு நிற்கிறேன், அதற்குள் மழை வந்துவிடும் என்றார். இரவுக்கு இவ்வளவென்று கூலி சொன்னார், பேரம் பேசவில்லை. அன்று பிறந்த குட்டிகள் ஐந்தைத் தோளில் மாட்டிய சாக்குத் தூளியில் பையன்கள் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றைப் பெரிய கூடைகளைக் கவிழ்த்து மூடினார்கள்.

இரவுச் சாப்பாடு இங்கேயே. மீன்குழம்பு வைத்த வீட்டில்.

படுக்கப்போகுமுன் கீதாரி வந்து, ஒரு கைப்பேசியும் இரண்டு டார்ச் விளக்கும் கொடுத்து, சார்ஜ் ஏற்ற முடியுமா என்று தயங்கிக் கேட்டார். பேட்டரியில் இன்று தாராளமாய் இருக்கிறது. அவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவாராம்; வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, பேட்டரி அறையைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.