கப்பல் காத்திருக்காது!

"அம்மா, கப்பல் ஒருநாள் ரோம்ல நிக்கும்" என்று பெண் போனில் சொன்னபோது, இறங்கினதும் ஊர் வந்துவிடும் என்றுதான் நினைத்துக் கொண்டேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்? கப்பல் நிற்பது ரோமில் இல்லை. சிவிட்டாவெக்கியா என்ற கடலோர ஊரில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற மாதிரி!

2023 மே மாதம் பார்சிலோனாவில் கப்பல் ஏறினோம். நானும் இவரும், பெண், மாப்பிள்ளை, இரண்டு வயதுப் பேத்தி. ரோமுக்குக் கப்பல்காரர்களே பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். கட்டணத்தைக் கேட்டதும் இவர், "ரயில்ல போனா இதுல கால்வாசிகூட ஆகாது" என்று சொல்லிவிட்டார். ரிடையர் ஆகியும் கணக்குப் புத்தி போகவில்லை.

மாப்பிள்ளைதான் மெதுவாக, "மாமா, அவங்க பஸ் லேட்டானா கப்பல் நிக்கும். நாமளா போய் லேட்டானா நிக்காது" என்றார். இவர் காதில் வாங்கவில்லை. கப்பல் கிளம்புவது மாலை 7 மணி; 6 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும்.

காலை டிபனில் இவர் ரெண்டு ரொட்டியும் காப்பியுமாக எழுந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்கவில்லை. நான் மேஜையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களில் ஒரு பிடி அள்ளிக் கைப்பையில் போட்டேன். "ஐயோ அம்மா, யாராவது பாக்கப் போறாங்க!" என்று பெண்ணுக்கு ஒரே வெட்கம்.

துறைமுகம் பெரிசு, உள்ளே நடக்கவிட மாட்டார்கள். இலவச பஸ்ஸில் வாசல் வரைக்கும், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஸ்டேஷனுக்கு. காகித டிக்கெட் வாங்கினால் ரயில் ஏறுமுன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் சான் பியட்ரோ என்ற சின்ன ஸ்டேஷன். இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் போப்பாண்டவரின் கோயில்.

அதைப் பார்த்துவிட்டு மெட்ரோவில் கொலோசியம். கி.பி. 80-ல் திறந்த அரங்கமாம். அந்த ஊர்க் கல்பாவின தெருவில் பேத்தியின் தள்ளுவண்டி படுகிற பாட்டைத்தான் சொல்ல வேண்டும்! ஒன்று பிடித்தது: தெருவுக்குத் தெரு குழாயில் நல்ல குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாய் மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் அதற்கு 'மூக்கு' என்றே பெயராம். பாட்டிலை நிரப்பிக் கொண்டேன்.

சாப்பாடுதான் தள்ளிக்கொண்டே போயிற்று. எங்கே பார்த்தாலும் வரிசை. "ரயில்ல ஏறிச் சாப்பிட்டுக்கலாம்" என்றார் இவர். டெர்மினி என்கிற பெரிய ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி மூன்று. ரயிலுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம். எங்கள் ரயில் நிற்கிற பிளாட்பாரங்களோ, மற்றவற்றைத் தாண்டித் தள்ளி இருந்தன. வேகமாய் நடந்தாலே பத்து நிமிஷம். இது எங்களுக்குத் தெரியாது.

ஓடினோம். பாதி வழியில் பேத்தி அழுதாள். "சும்மா இரு, சனியனே!" என்று கத்தினார் இவர்.

நான் நின்றுவிட்டேன். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில், குழந்தையை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முகத்தைப் பார்த்தேன். வியர்வை கொட்டுகிறது, கை நடுங்குகிறது.

"உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல, நட!"

"அம்மா, ரயில் போயிடும்! லக்கேஜெல்லாம் கப்பல்ல இருக்கு!" என்று பெண் அழமாட்டாத குறை.

"ரயிலும் போகட்டும், கப்பலும் போகட்டும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. சுவரோரமாக அவரை உட்கார வைத்து, நாலு பொட்டலத்தைப் பிரித்து மூக்குக் குழாய்த் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தேன்.

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் இப்படிச் செய்யாது. கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம் மட்டுமல்ல, காரணமில்லாத கோபமும் பிடிவாதமும்கூட அதன் அடையாளம்தான். சர்க்கரையோ பழரசமோ கொடுத்து, கால் மணி பொறுத்தும் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்ததும் ரொட்டி, பிஸ்கட் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது; உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

ரயில் போய்விட்டது. கால் மணியில் இவர் முகம் தெளிந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் ரொட்டி வாங்கி வந்தார். "குழந்தையை ஏதாவது சொன்னேனா?" என்று இவர் கேட்டார். "இல்லை" என்றேன்.

அடுத்த ரயில் மூன்றரைக்கு மேல்தான். ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக, நின்று நின்று போயிற்று. யாரும் பேசவில்லை. வழியில் சான் பியட்ரோ வந்தபோது மாப்பிள்ளை, "கொலோசியத்தை முதல்ல பாத்துட்டு இந்தக் கோயிலைக் கடைசியா வச்சிருந்தா, இங்கேயே ஏறியிருக்கலாம் அத்தை" என்றார். உண்மைதான். டெர்மினியின் நெடும் நடையே தேவைப்பட்டிருக்காது. யாருக்குத் தோன்றிற்று!

ரெண்டு பஸ்ஸும் மாறிக் கப்பலடிக்கு வந்தபோது மணி ஐந்து நாற்பது.

மறுநாள் நேப்பிள்ஸ். அங்கே கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே பழைய கோட்டை, அதுதான் ஊர் நடுவே! பஸ்ஸும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். இருந்தாலும் காலை டிபன் முடிந்து எழுந்தபோது, பெண் அக்கம்பக்கம் பார்க்காமல் ஒரு பிடி சர்க்கரைப் பொட்டலத்தை அள்ளி என் கைப்பையில் போட்டாள்.