ஐந்து கணினிகளும் ஒரு கிணறும்

எங்கள் தாத்தா கிணற்றை நான்கு பங்காக எழுதி வைத்துவிட்டுப் போனார். பத்திரத்தில் ஆளுக்குக் கால் பங்கு. ஒருத்தர் மோட்டார் போட்டால் மற்ற மூன்று பேரும் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பங்குதான் நான்கு, தண்ணீர் ஒன்று என்பது சித்திரை பிறந்தால்தான் எல்லோருக்கும் உறைக்கும்.

ஊத்தங்கரையில் அண்ணன் வைத்திருக்கும் தீவனக் கடையின் பின்னறையில் நான் ஓட்டிய சர்வரும் அப்படி ஒரு கிணறுதான்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய குட்டிக் கணினி அது. ஏதோ ஆபீஸ் மேசையில் கிடந்து ஓய்வுபெற்றது. நான்கு கோர், 16 ஜிபி ரேம். சும்மா ஓடினால் 20 வாட்டுக்குள்தான் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்கூட வராது. அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு ஐந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டினேன். கடைக் கணக்குக்கு விண்டோஸும் டேலியும் ஒன்றில். குடும்பப் படங்கள் ஒன்றில். அண்ணன் மகள் பைத்தான் பழக ஒன்று, விளம்பரங்களைத் தடுக்க ஒன்று, நான் உடைத்து உடைத்துப் பார்க்க ஒன்று.

ஒரு யந்திரத்தைப் பலர் ஆளுக்கொன்று தமக்கே சொந்தம் என்று நம்ப வைக்கும் வித்தை புதிதல்ல. 1960களில், ஒரு கணினி வாங்கப் பெரிய நிறுவனங்களே யோசித்த காலத்தில், ஐபிஎம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் அதைச் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்று விற்கவும் ஆரம்பித்தது. 2007இல் கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. தீவன மூட்டைகளுக்கு நடுவில் நான் செய்ததும் அதே வித்தைதான்.

ஐந்துக்கும் நான் ஒதுக்கிய ரேமைக் கூட்டினால் 20 ஜிபி. இருந்தது 16. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். சும்மா இருக்கிறவனிடமிருந்து வாங்கித் தேவைப்படுகிறவனுக்குக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஒரு பொங்கலுக்கு எல்லோருடைய போன் படங்களையும் மொத்தமாக ஏற்றினேன். படக் கணினி முகங்களைப் பிரித்து அடுக்க ஆரம்பித்ததும் ரேம் தீர்ந்தது. அப்படித் தீர்ந்தால், அதிகம் தின்கிறவனாகப் பார்த்து ஒருத்தனை லினக்ஸ் நிறுத்திவிடும். நின்றது கணக்குக் கணினி. அண்ணன் பாதி பில்லில் இருந்தார்.

"என்னடா, பொட்டி செத்துப்போச்சு?"

"ரேம் பத்தலண்ணா."

இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். கிணற்றை ஆழப்படுத்தியதோடு சரி, அது ஒரே கிணறு என்பது அப்போதும் மண்டையில் ஏறவில்லை. தினமும் ராத்திரி ஒவ்வொரு கணினிக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்க வைத்தேன். ஏழு நாள் பின்னால் போகலாம். அந்தத் தெம்பில்தான் அண்ணனிடம் சொன்னேன்: "இனிமே நோட்டு எழுதாதண்ணா, ரெண்டு வேல எதுக்கு?"

புண்ணாக்கும் தவிடும் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மாடு வைத்திருப்பவர்கள். பால் காசு வந்ததும் தருவார்கள். இருபது வருஷமாக எழுதிய கடன் நோட்டை என் பேச்சைக் கேட்டு அண்ணன் மூடி வைத்தார்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து முடிந்திருந்தது. நான் சாயங்காலமே ஓசூர் அறைக்குத் திரும்பிவிட்டேன். அன்றிரவு ஊத்தங்கரையில் பெய்தது 50 சென்டிமீட்டர். ஏரி வழிந்து, பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை மறுநாள் டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். கரண்ட் போனபிறகும் யூபிஎஸ்ஸின் தயவில் பெட்டியும் ரூட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. என் திரையில் ஐந்து பச்சைப் புள்ளிகள். பிறகு ஐந்தும் ஒரே நொடியில் அணைந்தன. ஒன்றுகூடப் பின்தங்கவில்லை.

பெட்டியை நான் அலமாரியின் கீழ்த்தட்டில், வெக்கை படாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். மின்சாரம் ஓடும்போதே தண்ணீர் ஏறியதால் போர்டும் டிஸ்க்கும் சேர்ந்து போயின. ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் அதே டிஸ்க்கில்தான் இருந்தன.

போனது ஏழு மாதக் கடன் கணக்கு. சில பேர் தாங்களாகவே வந்து தொகை சொன்னார்கள். சில பேர் சொல்லவில்லை. வெள்ளத்தில் அவர்களும் மாடு கன்று இழந்திருந்தார்கள். அண்ணன் யாரையும் போய்க் கேட்கவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதை மட்டும் பார்த்தேன்.

மெய்நிகர் என்ற சொல்லிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மெய்க்கு நிகர், அவ்வளவுதான், மெய் அல்ல. ஐந்து கணினிகள் ஒன்றையொன்று தொடாமல் வாழலாம், ஒன்றில் வைரஸ் வந்தால் மற்றது தப்பலாம். சாவு மட்டும் எல்லோருக்கும் பொது. தப்பான பட்டனை அமுக்கினால் ஸ்னாப்ஷாட் காப்பாற்றும், தண்ணீரிலிருந்து காப்பாற்றாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறிடத்தில் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதியை நான் முன்பே படித்திருந்தேன். படித்திருந்தேன், அவ்வளவே.

இப்போது கடையில் வேறொரு பழைய பெட்டி, மேல்தட்டில். அதன் பேக்கப் தினமும் ராத்திரி ஓசூர் அறையில் உள்ள இன்னொரு பெட்டிக்கு வருகிறது. தனியாக ஒரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி. மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தப் பேக்கப்பிலிருந்து கணக்குக் கணினியை ஓசூரில் எழுப்பிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்வேன். நான்கைந்து பேருடைய பாக்கியை அவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார். நான் திரையைப் பார்த்து "சரிண்ணா, சரிண்ணா" என்பேன்.